கொள்ளைநோய்க்குப் பின் இளைஞரின் மனச்சோர்வு: ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் இறந்தோர் தொகையோடு முடிவடைகின்றது. பிழைத்தோரின் மனநிலை வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெறுவது அரிது. ஆயினும் 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவையும் 2020ஆம் ஆண்டின் கொரோனாவையும் ஒருசேர நோக்குமிடத்து, நோயின் பின் எஞ்சும் மனச்சோர்வும் அந்நோயின் வரலாற்றுக்கு உரியதே என்பது புலனாகும்.

இன்புளுவென்சாவுக்கு வழக்கமாக இரையாவோர் குழந்தைகளும் முதியோருமே. 1918இலோ 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதினரும் பெருந்தொகையாக மடிந்தனர். இலங்கையில் மட்டும் இக்கொள்ளைநோயால் ஏற்பட்ட மக்கள் இழப்பு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டதெனப் பிற்கால மதிப்பீடொன்று கூறும். எஞ்சிய இளைஞர் தம் வயதொத்தோரையும், குடும்பத்தில் உழைத்தோரையும் இழந்தவராயினர்.

இதன் உளவிளைவை முதலிற் பதிவு செய்தோர் மருத்துவரே. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர உளநோய் மருத்துவமனையில், இன்புளுவென்சாவைத் தொடர்ந்து மனநோயுற்ற ஏறத்தாழ 100 பேரைப் பற்றிக் கார்ல் மெனிங்கர் 1919இல் எழுதினார். நோர்வேயின் பதிவேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த ஸ்வென்-எரிக் மாமெலுண்ட், இன்புளுவென்சா காரணமாக மனநோய் மனைகளில் முதன்முறை அனுமதிக்கப்பட்டோர் தொகை, கொள்ளைநோயை அடுத்த ஆறாண்டுகளில் ஆண்டுச் சராசரியாக 7.2 மடங்காக உயர்ந்தமையைக் காட்டினார். பிழைத்தோர் துயிலின்மை, சோர்வு, தொழிலில் ஈடுபட இயலாமை ஆகியவற்றால் வருந்தினர். நோர்வே முதலாம் உலகப் போரில் நடுநிலை வகித்த நாடென்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே போரின் துயரை மட்டும் காட்டி இவ்வுயர்வை விளக்கிவிட முடியாது.

அவ்வாறாயின் காரணம் கிருமியா, சமூகமா? 1918இல் இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடினம். இறந்தோரும் இளைஞர், துயருற்றோரும் இளைஞர். 2020இன் அனுபவம் இவ்விடத்துத் துணைசெய்கின்றது. கொரோனா பெரும்பாலும் முதியோரின் உயிரையே பறித்தது. ஆயினும் மனச்சோர்வின் அதிகரிப்பு முதியோரினும் இளையோரிடத்தும், ஆண்களினும் பெண்களிடத்தும் மிகுந்திருந்ததென 'லான்செற்' மருத்துவ இதழ் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அதன் கணிப்பின்படி, 2020இல் உலகெங்கும் கடும் மனச்சோர்வுற்றோர் தொகை 27.6 சதவீதத்தால், அதாவது ஐந்து கோடிக்கு மேல், அதிகரித்தது. தொற்றின் பரவலோடு, மக்களின் நடமாட்டம் முடங்கியமையும் இவ்வதிகரிப்போடு தொடர்புற்றிருந்தது.

மரண அபாயம் குறைந்தோரிடம் மனச்சோர்வு மிகுந்தமைக்குக் கிருமி மட்டும் விடையாகாது. மூடப்பட்ட பல்கலைக்கழகம், பறிபோன நாட்கூலி, கைகூடாது நின்ற எதிர்காலம் என்பன அவ்வயதினரின் சமூக நிலையிலிருந்து எழுந்தவை. இலங்கை இளைஞருக்கோ நோயின் துயர் ஆறுமுன்னரே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது.

மனச்சோர்வைத் தனிமனிதரின் நரம்புத் தளர்ச்சியாக மட்டும் கொள்வது, அதனைத் தோற்றுவித்த சமூக நிலைமைகளை விசாரணைக்கு உட்படுத்தாது விடுவதாகும். மருத்துவமும் உளவளத்துணையும் இன்றியமையாதனவே. ஆயின் கல்வியும் தொழிலும் மீளக் கிடைக்காதவிடத்து அவை அரைத் தீர்வாகவே அமையும். மேலும், மருத்துவமனையின் வாயிலை அடைந்தோரே பதிவேட்டில் இடம்பெறுவர். வறியோரின் துயர் பதிவின்றியே மறையும். அவ்வெற்றிடத்தை மனங்கொண்டு எழுதப்படும்போதே கொள்ளைநோயின் வரலாறு முழுமையை நோக்கி நகரும்.