ஒரு தவளை, கொஞ்சம் எலிகள், நூறு மில்லிகிராம் மருந்து

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரவே முடியலை மக்களே. பெரியப்பாவுக்கு திடீர்னு மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகு வரைக்கும் குத்து. முதல்ல கேஸ் டிரபிள்னு நினைச்சு ஓமத்தண்ணி எல்லாம் குடுத்துப் பார்த்தோம். கடைசியில் ஆஸ்பத்திரியில் சொன்ன பேர், கணைய அழற்சி. பித்தப்பைக் கல் ஒண்ணு வந்து வழியை அடைச்சிருக்கு.

"இதுக்கு என்ன மருந்து டாக்டர்?"னு கேட்டேன். "சலைன் ஏத்தறோம், வலிக்கு ஊசி போடறோம், கவனமா பார்த்துக்கறோம். இதுக்குன்னு தனி மருந்து கிடையாதுங்க"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காலத்திலயா? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியா படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு. (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சந்தேகம் இருந்தா நல்ல டாக்டரைப் பாருங்க.)

முதலில் நோயைப் பத்தி ரெண்டு வரி. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளைக் கணையம் தயாரிக்கிறது. அவை குடலுக்குப் போன பிறகுதான் வேலையை ஆரம்பிக்கணும். வழியிலேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிடும். உடனே உடம்பின் பாதுகாப்புப் படை திரண்டு வரும். சிலருக்கு அந்தப் படை கட்டுப்பாட்டை இழந்து நுரையீரல், சிறுநீரகம்னு எல்லாத்தையும் அடிக்கும். உயிரை எடுப்பது பல நேரம் இந்த இரண்டாவது கலவரம்தான். அதனால்தான் அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் என்னன்னு தேட ஆரம்பிச்சாங்க.

தேடணும்னா நோய் வேணும். மனுஷனுக்கு நோயை வரவழைக்க முடியாது. முதலில் மாட்டியது நாய். 1856-ல் பாரிஸில் க்ளோட் பெர்னார் ஒரு நாயின் கணையக் குழாயில் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்திப் பார்த்தார். கணையம் வெந்து போனது. ஆய்வகத்தில் செயற்கையாக வரவழைத்த கணைய அழற்சி அங்கிருந்துதான் ஆரம்பம். இவரோட மனைவி ஃபேனிக்கு இந்த நாய் சோதனைகள் அறவே பிடிக்காது. 1869-ல் ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க. அந்த அம்மாவும் மகள்களும் விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுகளை எதிர்க்கிறவங்க பக்கம் நின்னாங்க. இந்தத் துறையின் முதல் சண்டை ஒரே வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கு பாருங்க.

1889-ல் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்த நோயின் அறிகுறிகளைத் தெளிவா எழுதி வச்சார். 1896-ல் ப்ராகில் ஹான்ஸ் கியாரி, கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்றார். 1901-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் யூஜின் ஓபி, பித்தக்கல் வாசலில் சிக்கினால் பித்தநீர் திரும்பிக் கணையத்துக்குள் போகலாம்னு காட்டினார். அவரும் நாய்களில் சோதித்துத்தான் சொன்னார். எங்க பெரியப்பா கேஸில் குற்றவாளியான கல்லை அப்பவே பிடிச்சுட்டாங்க!

அப்புறம் எலிகளின் காலம். இங்கேதான் நம்ம தவளை வருது. ஆஸ்திரேலியாவின் பச்சை மரத் தவளை. பச்சையா இருந்தாலும் அறிவியல் பெயரில் இருக்கிற 'செருலியா'வுக்கு லத்தீனில் நீலம்னு அர்த்தம் :-) இதன் தோலில் இருந்து இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் குழு 1960-களில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. பெயர் செருலின். அது நம்ம குடலில் சுரந்து கணையத்தை 'வேலை செய்'னு தட்டிவிடும் ஹார்மோனுக்குத் தம்பி மாதிரி. 1977-ல் லாம்பெல், கெர்ன் என்ற ரெண்டு பேர், இதை அளவுக்கு மீறி எலிக்குக் கொடுத்தால் கணையம் வீங்கிவிடும்னு காட்டினாங்க. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஊசி போதும். உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதைப் பிடிச்சுக்கிட்டன.

ஆனா செருலின் தருவது பெரும்பாலும் லேசான நோய், சில நாளில் எலி தேறிவிடும். கடுமையான நோய் வேணும்னா பித்த உப்பைக் கணையக் குழாயில் செலுத்தணும். அல்லது கோலின் இல்லாமல் எத்தியோனின் கலந்த தீனியை இளம் பெண் சுண்டெலிக்குக் கொடுக்கணும். இது 1975-ல் வந்த முறை. சில நாளில் செத்துப்போகும். எழுதும்போதே கை கூசுது.

சரி, மருந்துகள் என்ன ஆச்சு? மாட்டிலிருந்து எடுத்த அப்ரோடினின் நொதிகளைக் கட்டிப்போடும்னு நம்பினாங்க. 1977-ல் பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய சோதனையில் பலன் இல்லை. 1994-ல் டி.என்.எஃப். என்ற அழற்சித் தூதனை மறித்தால் எலிகள் தேறுதுன்னு ஆய்வு வந்தது. லெக்ஸிபஃபான்ட் என்ற மருந்து விலங்குகளில் நல்லா வேலை செய்தது, ஆரம்பக் கட்ட நோயாளிகளிலும் நம்பிக்கை தந்தது. 2001-ல் 290 பேரை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு வெளியானது. உறுப்பு செயலிழப்பைத் தடுக்க முடியலை. எலி பிழைச்சுது, மனுஷன் பிழைக்கலை.

ஏன்? இதைத்தான் நான் ரெண்டு மூணு ராத்திரி யோசிச்சேன். விடை மருந்தில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. ஆய்வகத்தில் நோய் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்னு ஆராய்ச்சியாளருக்குத் தெரியும், ஆரம்பிச்சு வைக்கிறவரே அவர்தானே! பல சோதனைகளில் நோயை உண்டாக்குவதற்கு முன்னாடியோ உடனேயோ மருந்தைக் கொடுத்துட்டாங்க. எங்க பெரியப்பா ஓமத்தண்ணி குடிச்சு, விடிஞ்சா பார்க்கலாம்னு படுத்து, ஆஸ்பத்திரி போகும்போது ஒரு நாள் முழுசா ஓடிடுச்சு. லெக்ஸிபஃபான்ட் சோதனையில் வலி ஆரம்பிச்சு 72 மணி நேரம் வரை ஆனவங்களைச் சேர்த்தாங்க. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும்போதே உறுப்புகள் தடுமாற ஆரம்பிச்சிருந்தது. வீடு பாதி எரிஞ்ச பிறகு தீப்பெட்டியை ஒளிச்சு வச்சு என்ன பிரயோஜனம்?

அப்போ அந்த எலிகள் எல்லாம் வீணா செத்துச்சா? இல்லைன்னு சொல்ல ஒரே ஒரு நல்ல கதை இருக்கு. மனுஷனிலும் ஒரே ஒரு வகையில் நோய் ஆரம்பிக்கும் நேரம் முன்கூட்டியே தெரியும். ஈ.ஆர்.சி.பி. என்று வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தக்குழாயைச் சரிபார்க்கும் சிகிச்சை. கல் எடுக்கவும் அதுதான். சிலருக்கு அதனாலேயே கணைய அழற்சி வரும். இங்கே டாக்டருக்கும் அந்த ஆய்வகக் கடிகாரம் கையில் இருக்கு.

இண்டோமெதசின் நம்ம மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிற பழைய, மலிவான அழற்சி மருந்து. 1960-களில், எலியின் பாதத்தை வீங்க வைத்துச் சோதிக்கும் முறையில் தேறி வந்த மருந்து. 2012-ல் அமெரிக்காவில் 602 பேரை வைத்து ஒரு சோதனை முடிவு வந்தது. எல்லாருமே ஈ.ஆர்.சி.பி.-க்குப் பிறகு அழற்சி வரும் ஆபத்து அதிகம் உள்ளவங்க. முடிஞ்ச உடனே ஆசனவாய் வழியா நூறு மில்லிகிராம் வச்சாங்க. வெறும் போலி மருந்து வைத்தவர்களில் 16.9 சதவீதம் பேருக்கு அழற்சி, இண்டோமெதசின் வைத்தவர்களில் 9.2 சதவீதம். 2003-லேயே கிளாஸ்கோவில் டைக்ளோஃபெனாக் வைத்துப் பார்த்ததும் இதையே சொன்னது. எல்லா ஆய்வும் ஒத்துப்போகலை, 2016-ல் ஒண்ணு பலன் இல்லைன்னது. ஆனாலும் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இதை வழக்கமாகவே கொடுக்கச் சொல்கின்றன.

ஆக, எலி பொய் சொல்லலை. "முன்னாடியே கொடுத்தால் தடுக்குமா?"ன்னு கேட்டோம், தடுக்கும்னு சொன்னது. அந்தப் பதிலை "வந்த பிறகு கொடுத்தால் குணமாகுமா?" என்ற கேள்விக்கு நாமதான் ஒட்ட வச்சுக்கிட்டோம். தப்பான கேள்விக்காகச் செத்த விலங்குகள் எத்தனையோ. ஒரு உயிரை எடுக்கிறதா இருந்தா, கேள்வியையாவது சரியா கேட்கணும் இல்லையா? ஃபேனி அம்மா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

பெரியப்பா வீட்டுக்கு வந்தாச்சு. கல்லை எடுக்க ஈ.ஆர்.சி.பி. பண்ணினபோது டாக்டரிடம் மெதுவா அந்த மருந்தைப் பத்திக் கேட்டேன். "வச்சாச்சு, கவலைப்படாதீங்க"ன்னு சிரிச்சார். ஒரு தவளைக்கும் பேர் தெரியாத எலிகளுக்கும் மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிட்டேன்.

தப்பு ஏதாவது இருந்தா பின்னூட்டத்தில் தயங்காம குட்டுங்க. விலங்குச் சோதனை பத்தி உங்க கருத்தையும் சொல்லிட்டுப் போங்க.