பதிப்புரிமைக் காலம்

ஒரு நூலை அச்சிடவும் மொழிபெயர்க்கவும் ஆசிரியருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் மட்டுமே சட்டம் உரிமை தரும் காலம் பதிப்புரிமைக் காலம் எனப்படுகிறது. அது முடிந்தால் நூல் பொதுச்சொத்து. 1710-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டு கொடுத்தது. ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. அன்று தொடங்கிய கணக்கு கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

நாடுகளை ஒரே நெறிக்குள் கொண்டுவர 1886-இல் பெர்ன் உடன்படிக்கை உருவானது. ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு என்பதை 1948-இன் பிரஸ்ஸல்ஸ் திருத்தம் கட்டாயமாக்கியது. ஆனால் அது குறைந்தபட்ச அளவு மட்டுமே. அதிகபட்சம் எதுவும் வகுக்கப்படவில்லை. பிற்காலச் சச்சரவுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதன் விளைவை 1941-இல் மறைந்த இரு எழுத்தாளர்கள் விஷயத்தில் காணலாம். தாகூரின் எழுத்துகள் 1991 முடிவில் பொதுச்சொத்தாக வேண்டியவை. உரிமை அவர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. கெடு முடியும் தறுவாயில் இந்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1992-இன் திருத்தம் எல்லா எழுத்தாளர்களுக்கும் 60 ஆண்டு என்றாக்கியது. ஒருவருக்காகப் பிறந்த நீட்டிப்பு எல்லோருக்கும் சட்டமாயிற்று. ஜேம்ஸ் ஜாய்ஸின் நூல்களுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 1992-இல் பிரிட்டனில் விடுபட்ட அவை, சில ஆண்டுகளிலேயே மீண்டும் பூட்டப்பட்டு 2011 முடிவுவரை அப்படியே கிடந்தன. காரணம் ஐரோப்பிய விதி: ஜெர்மனி 1965 முதல் 70 ஆண்டு கொடுத்துவந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் அதற்கு உயர வேண்டும் என 1993-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. சீரமைப்பு என்ற பெயரில் நடந்தது உயர்த்தல்தான்.

அதே வாதத்தை முன்வைத்து அமெரிக்கா 1998-இல் 20 ஆண்டு சேர்த்தது. இறந்தவரை எந்தச் சலுகையும் மறுபடி எழுதவைக்காது என்ற எளிய உண்மை அங்கே எடுபடவில்லை. மில்டன் ஃப்ரீட்மன் உள்ளிட்ட 17 பொருளியலாளர்கள் உச்ச நீதிமன்றத்தில் நீட்டிப்பின் பயனை மறுத்து எழுதிக்கொடுத்தும், 2003-இல் 7-2 என்ற கணக்கில் சட்டம் நிலைத்தது.

பிறகு வணிக ஒப்பந்தங்கள் வழியே 70 பரவியது: 2005-இல் ஆஸ்திரேலியா, 2018-இல் ஜப்பான், 2022-இல் கனடா. மெக்சிகோவில் 100. இலங்கையிலும் 70. உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை கேட்பதோ 50 மட்டுமே. எனவே 60-இல் நிற்கும் இந்தியாவுக்கு மேலும் உயர்த்தும் கடமை இல்லை. எந்த வணிகப் பேரத்துக்காகவும் அது உயர்த்தவும் கூடாது.