மேவார் சின்னத்தில் நிற்கும் வில்லாளி

"தாத்தா, நம்மாத்துக்கு ஏதாவது சின்னம் உண்டா?" என்று பேரன் கேட்டான். பள்ளியில் குடும்பச் சின்னம் ஒன்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்களாம். நமக்குக் கோத்திரமும் பிரவரமும் உண்டு, சித்திரம் கிடையாது என்றேன். பிறகு, உத்தியோக நிமித்தமாக உதய்ப்பூர் சென்றபோது பார்த்த மேவார் ராஜ வம்சத்தின் சின்னத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கத்தினர்களுக்கும் அது பிடிக்கும் என்று எழுதுகிறேன்.

நடுவில் கேடயம், இருபுறமும் ஆட்கள், கீழே ஒரு வாசகம் என்ற அமைப்பு ஐரோப்பியப் பிரபு வம்சங்களின் வழக்கம். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் நடந்த தர்பாரில், நம் சமஸ்தானாதிபதிகளுக்கு இவ்வகைச் சின்னம் பொறித்த கொடிகள் வழங்கப்பட்டன. அவற்றை வரைந்து கொடுத்தவர் ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி.

அமைப்பு அவர்களுடையது என்றாலும், மேவார் சின்னம் சொல்லும் விஷயம் முழுக்க அந்த மண்ணுக்கே உரியது. மேலே சூரியன், மேவார் ராணாக்கள் தங்களை ஸ்ரீராமனின் சூரிய வம்சத்தார் என்பார்கள். தர்மத்தை உறுதியாகக் காப்பவனைப் படைத்தவன் காப்பான் என்பது வாசகத்தின் பொருள். ஒருபுறம் ராஜபுத்திர வீரன். மறுபுறம், அவனுக்குச் சமமாக, வில்லேந்திய பில் பழங்குடி வீரன்!

ராணாக்களின் முடிசூட்டு விழாவில் பில் தலைவர் தம் கட்டைவிரல் ரத்தத்தால் திலகமிடுவார் என்று ஒரு மரபு சொல்வார்கள். விஞ்ஞானம் படித்த நான் அதன் தொடக்கக் கதையைச் சரித்திரமாகச் சொல்லத் தயங்குவேன். ஆனால் 1568-ல் சித்தூர் கோட்டை அக்பர் வசமானதும், 1576-ல் ஹல்திகாட்டியில் ராணா பிரதாப் பக்கம் பில்கள் நின்றதும் சரித்திரம். தோல்விக்குப் பின் ஆரவல்லி மலைகளில் அவருக்குத் துணையாக இருந்தவர்களும் அவர்களே. 1597-ல் காலமாவதற்குள் பிரதாப் தம் நாட்டின் பெரும்பகுதியை மீட்டார். அந்த நன்றிக்கடனைத்தான் வம்சம் தன் சின்னத்தில் வைத்துக்கொண்டது.

"அப்போ நம்ம சின்னத்துல பக்கத்துல யார் நிப்பா?" என்றான் பேரன்.

நான் பி.எஸ்ஸி. சேர வேண்டிய வருஷம் அப்பா காலமானார். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டவர், மனைவியின் நகையை அடகு வைத்துக் கல்லூரிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் படிப்பால்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. எங்கள் வம்சாவளிக் குறிப்பேட்டில் ஏழு தலைமுறைப் பெயர்கள் உள்ளன. அவர் பெயர் இல்லை. அன்று மாலையே எழுதிச் சேர்த்தேன்.

பேரன் வரைந்த கேடயத்தின் ஒருபுறம் ஏட்டுச்சுவடியோடு ஒருவர் நிற்கிறார். மறுபுறம் நெற்கதிரோடு ஒருவர்.