சாண்டோ பனியனும் சில அவமானங்களும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் துர்கா பூஜையில் ஒரு சந்தேகம் வரும். வட கொல்கத்தாவின் பேர்போன பந்தல்களில் ஒன்றை நடத்துவது 'சிம்லா ப்யாயாம் சமிதி'. ப்யாயாம் என்றால் நம் ஊர் வியாயாமம், அதாவது தேகப்பயிற்சி. கர்லாக்கட்டை சுற்றும் சங்கத்துக்குப் பூஜையில் என்ன வேலை?

இன்னொன்றும் உண்டு. கையில்லாத பனியனை இங்கே 'சாண்டோ கெஞ்சி' என்பார்கள். நம் சாண்டோ சின்னப்பா தேவர் பெயரில் இருக்கிறதே, அதே சாண்டோதான்.

இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே கதை இருக்கிறது. ஒரு ஊர் ஆண்கள் மொத்தமாக அவமானப்பட்ட கதை. வங்காளிகளின் கதைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம், நாமும் அதற்குள் வருகிறோம்.

மெக்காலேயைப் பள்ளிக்கூட வரலாற்றில் படித்திருப்போம். 1834 முதல் 1838 வரை இந்தியாவில் இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு, 1841-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் வங்காள ஆண்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. உடம்பு நோஞ்சான், குணம் பெண்தனம், தைரியம் கிடையாது, தந்திரம் மட்டும் உண்டு. சுருக்கமாக இவ்வளவுதான். அடுத்த நூறு வருஷம் ஆங்கிலேய அதிகாரிகள் இதையே மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

மெக்காலே பார்த்துப் பழகியது பெரும்பாலும் கல்கத்தாவின் படித்த பாபுக்களை. ஜமீன்தார்களிடம் கம்பு சுற்றிய லட்டியால்களும், ஆற்றில் படகு வலித்தவர்களும், சேற்றில் உழுதவர்களும் வங்காளிகள்தான். அவர்கள் கணக்கில் வரவில்லை.

இந்த வசவு யாருக்கு உதவியது என்று பார்ப்போம். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். 1883-ல் இல்பர்ட் மசோதா. வெளியூர்களில் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர்களை விசாரிக்கலாம் என்றது. அதை எதிர்த்த ஆங்கிலேயர்கள் எடுத்துப் போட்ட வாதங்களில் ஒன்று, இந்த ஆண்மையற்றவர்கள் எங்களை விசாரிப்பதா என்பது. மசோதா நீர்த்துப் போனது. 1885-ல் ரஷ்யப் படையெடுப்பு பயம் வந்தபோது, படித்த இந்தியர்கள் தொண்டர் படையில் சேர்கிறோம் என்று கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார்கள். கையிலிருந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு, உனக்குச் சண்டை போடத் தெரியாது என்று கேலி செய்வதற்கு என்ன பெயர்?

நம் பங்குக்கு வருவோம். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனார். தென்னிந்தியச் சிப்பாய்களிடம் போர்க்குணம் மங்கிவிட்டது என்பது அவர் கட்சி. 'வீர இனம்' என்று சிலரைப் பொறுக்கியெடுத்து, தமிழரையும் தெலுங்கரையும் படையில் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் 1756 கடைசியில் கிளைவ் வங்காளத்தைப் பிடிக்கப் புறப்பட்டபோது, சிப்பாய்களைக் கப்பலேற்றியது மதராஸில்தான். அடுத்த வருஷம் பிளாசியில் அவர்களும் நின்றார்கள். 130 வருஷத்தில் நம் ஆட்களின் உடம்பு மாறிவிடவில்லை, மதிப்புப் போட்டவர்களின் தேவைதான் மாறியது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் ரெஜிமெண்ட் திரும்ப முளைத்தது. அப்போது வீரம் எங்கிருந்து வந்ததாம்?

சரி, அவமானப்பட்ட வங்காளிகள் என்ன செய்தார்கள்?

'அது பொய்' என்று சொன்னவர்கள் கொஞ்சம். 'உண்மைதான், நாம் நோஞ்சான்கள்தான், சரி செய்யணும்' என்றவர்கள் அதிகம். ராஜ்நாராயண் போஸ் 1874-ல் அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். தாத்தாக்கள் பலசாலிகள், பேரன்கள் சோப்ளாங்கிகள் என்ற புலம்பல் அதில் உண்டு (எல்லா ஊரிலும் எல்லாத் தலைமுறையிலும் இருப்பதுதான்!). 1867-ல் தொடங்கிய இந்து மேளாவில் நபகோபால் மித்ரா தேகப்பயிற்சிக்கு இடம் கொடுத்தார், பயிற்சிக்கூடமும் வைத்தார். 1902-ல் பிறந்த அனுசீலன் சமிதி வெளிப்பார்வைக்கு உடற்பயிற்சிக் கழகம், உள்ளே புரட்சி இயக்கம். தாகூரின் சகோதரி மகள் சரளா தேவி தன் வீட்டிலேயே பையன்களுக்குக் கத்தியும் கம்பும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 'பெண்தனம்' என்று திட்டு வாங்கிய ஆண்களைத் தேற்ற ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கம் பக்கத்தில் வரும் என்ற கருத்தை விவேகானந்தர் சொன்னது எங்கே தெரியுமா? 1897-ல், நம் சென்னையில்.

அதன் பிறகு வந்தவர்தான் யூஜின் சாண்டோ. பிரஷ்யாவில் பிறந்து லண்டனில் கொடி நாட்டிய பயில்வான். 1904-05-ல் இந்தியா முழுக்கச் சுற்றி வித்தை காட்டினார். கூட்டம் அலைமோதியது. அவருடைய புத்தகமும் பயிற்சி முறையும் ஊர் ஊராகப் பரவின. பெங்களூரில் கே.வி. ஐயர் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்தினார். சாண்டோ என்பது ஆள் பெயர் போய்ப் பட்டப்பெயர் ஆனது, பிறகு பனியன் பெயர் ஆனது. 1926-ல் அதீந்திரநாத் போஸ் சிம்லா ப்யாயாம் சமிதியைத் தொடங்கினார். தேகப்பயிற்சி, தேசபக்தி, சக்தி வழிபாடு மூன்றும் ஒரே கூரைக்கு வந்தன. பந்தலின் கதை இதுதான்.

வரவுப் பக்கத்தில் எழுத நிறைய இருக்கிறது. 1911 ஜூலை 29-ல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷையர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயம் வாங்கியது. பதினொரு பேரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. 1921-ல் கோபர் குஹா அமெரிக்காவில் உலக லைட் ஹெவிவெயிட் மல்யுத்தப் பட்டம் வென்றார். 1952-ல் மனோகர் ஐச் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ். அவர் உயரம் 4 அடி 11 அங்குலம்!

அப்படியானால் அவமானம் நல்லதுதானே? நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொன்னால்தானே பிள்ளை உருப்படும்? வீட்டில் நாமே சொல்கிறோமே. காமர்ஸ் படித்தவன் என்பதால் செலவுப் பக்கத்தையும் பார்த்துவிடுகிறேன்.

முதல் செலவு, உண்மையான காரணம் கண்ணில் படாமல் போனது. 1860களிலும் 70களிலும் வங்காளத்தின் மேற்கு மாவட்டங்களைப் 'பர்த்வான் காய்ச்சல்' சூறையாடியது. பெரும்பாலும் மலேரியா. கிராமங்கள் காலியாயின. பாபுக்களுக்கோ காலை முதல் மாலை வரை குனிந்து எழுதும் குமாஸ்தா வேலை. உடம்பு எப்படித் தேறும்? கொசுவையும் நாற்காலியையும் விட்டுவிட்டு 'எங்கள் ஆண்மையில் கோளாறு' என்று முடிவு கட்டினார்கள்.

இரண்டாவது, வாய் அடைத்துப் போனது. இதற்குக் காந்தியைவிட நல்ல சாட்சி கிடையாது. ராஜ்கோட்டில் பையனாக இருந்தபோது, ஆங்கிலேயன் மாமிசம் தின்பதால்தான் நம்மை ஆள்கிறான் என்று நண்பன் சொன்னதை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் மாமிசம் சாப்பிட்டார். முதல் நாள் இரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவது போல இருந்ததாம். அதைவிட முக்கியமான ஒன்று அந்தச் சுயசரிதையில் இருக்கிறது. திருடன், பேய், பாம்பு எல்லாவற்றுக்கும் பயம், விளக்கில்லாமல் தூங்க முடியாது. பக்கத்தில் படுத்திருக்கும் கஸ்தூர்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் தன்னைவிடத் தைரியசாலி. அதனாலேயே சொல்ல வெட்கம். விளக்கு எரிகிறது, வாய் திறக்கவில்லை. எத்தனை வீடுகளில் இன்றைக்கும் இப்படி?

மூன்றாவது, அவமானம் வியாபாரமானது. அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் கம்பெனி 97 பவுண்டு, அதாவது 44 கிலோ ஒல்லிப் பையனைக் கேலிப்பொருளாக்கி விளம்பரம் போட்டே தபாலில் பயிற்சி விற்றது. நம் ஊரில் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் 'வாலிப வயோதிக அன்பர்களே' நோட்டீஸ். விந்து போனால் பலம் போகும் என்ற பயத்தில் களைப்பு, தூக்கமின்மை, குற்ற உணர்ச்சி என்று வாடும் ஆண்களின் நிலைக்கு, 1960-ல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் கொடுத்தார். அந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆனால் வாடுவது நிஜம். அந்தப் பையன்களுக்கு வேண்டியது விஷயம் தெரிந்த ஒருவரிடம் அரைமணி நேரப் பேச்சு. கிடைத்ததோ லேகியம்.

வங்கியில் ஒரு விஷயம் பார்த்திருக்கிறேன். தவணை தவறியவர்களில் ரோஷக்காரர்தான் முதலில் போனை எடுக்காமல் இருப்பார். முதல் மாதமே வந்து உட்கார்ந்து பேசினால் தவணையை மாற்றிப் போட ஏதாவது வழி இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிந்தால் 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன். உடம்பும் மனசும் அப்படியே. சர்க்கரை இருப்பதை மறைத்து, மீட்டிங்கில் கொடுத்த ரசகுல்லாவை முழுங்கிவிட்டு, பாத்ரூமில் போய் மாத்திரை போடும் அதிகாரிகளை எனக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் மானம் போய்விடுமாம்.

2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது அரசின் குற்ற ஆவணப் பதிவு. அதில் ஆண்கள் 1,22,724. காரணங்கள் பல. எல்லாவற்றையும் வெட்கத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அதில் எத்தனை பேர் 'என்னால் முடியலை' என்று ஒருவரிடமாவது சொல்லியிருப்பார்கள்?

நான் புரிந்துகொண்டது இதுதான். வெட்கம் ஒருவனை ஜிம்முக்கு அனுப்பும், டாக்டரிடம் அனுப்பாது. வள்ளுவர் சொன்ன நாணம் வேறு, அது தப்பான காரியம் செய்யக் கூசுவது. ஒல்லியாக இருக்க, குண்டாக இருக்க, பயப்பட, தூக்கம் வராமல் தவிக்க யாரும் நாணப்பட வேண்டியதில்லை.

வெட்கம் இல்லாமலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் காந்தியே உதாரணம். பள்ளியில் கட்டாய ஜிம்னாஸ்டிக்ஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. காலாற நடப்பது நல்லது என்று எதிலோ படித்தார், பிடித்தது, நடந்தார். யாருக்கும் எதையும் நிரூபிக்க அல்ல. தன் உடம்புக்கு உரமேற்றியது அந்த நடைதான் என்று பின்னால் எழுதினார். மனோகர் ஐச் நூறு வயதில் ரகசியம் கேட்டவர்களிடம், பணக்கஷ்டம் இருந்தாலும் டென்ஷனைக் கிட்டே சேர்த்ததில்லை என்றார்.

பையன் விளையாட்டில் தோற்று வந்தால் 'பொம்பளை மாதிரி அழாதே' என்று சொல்லாமல் இருப்போம், அது மெக்காலேயின் வசவு. நமக்கே முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம். அடுத்த முறை ஊருக்குப் போன் செய்யும்போது, 'சாப்பிட்டீங்களாப்பா'வுக்கு அடுத்து 'ராத்திரி தூக்கம் வருதா?' என்றும் கேளுங்கள். முதல் தடவை 'அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்' என்பார். ரெண்டாவது தடவையும் கேளுங்கள்.