ஒரு வீரர், மூன்று நாடுகள்

அரசுகளின் தோற்றத்தையும் மறைவையும் எழுதுவோர் போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் நாடிச் செல்வது வழக்கம். ஆனால், ஒரு நாட்டின் பெயரும் எல்லையும் மாறும்போது அந்நாட்டு மனிதனுக்கு நேர்வது யாது என்பதை விளையாட்டு மைதானத்திலுங் காணலாம். சேர்பிய உதைபந்தாட்ட வீரர் தேயான் ஸ்டான்கோவிச்சின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். 1998, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளிலே, மூன்று வெவ்வேறு பெயர்கள் தாங்கிய நாடுகளுக்காக அவர் ஆடினார். அவர் தாய்நாட்டைத் துறந்து வேறு நாட்டை நாடியவரல்லர். அவர் நின்ற இடத்திலேயே நாடு மாறிற்று.

ஸ்டான்கோவிச் 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11ஆந் தேதி பெல்கிரேட் நகரிற் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் ஆறு குடியரசுகள் ஒன்றுசேர்ந்த யூகோசிலாவியக் கூட்டாட்சியின் தலைநகராக விளங்கிற்று. 1991ஆம், 1992ஆம் ஆண்டுகளில் அவற்றுள் நான்கு பிரிந்து சென்றன. எஞ்சிய சேர்பியாவும் மொன்டினீக்ரோவும் 1992 ஏப்பிரலில் யூகோசிலாவியக் கூட்டுக் குடியரசு என்னும் பெயருடன் இணைந்து நின்றன. போஸ்னியப் போர் காரணமாக அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் சபை அந்நாட்டின்மீது தடை விதித்தது. ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கெனச் சுவீடனுக்குச் சென்றிருந்த யூகோசிலாவியக் குழு ஆடாமலே திரும்பியது. அதன் இடத்தைப் பெற்ற டென்மார்க்கே ஈற்றிற் கிண்ணத்தையும் வென்றது. 1994ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டியிற் பங்குபற்றும் உரிமையும் மறுக்கப்பட்டது.

பெல்கிரேட்டின் செந்தாரகைக் கழகம் 1991இல் ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணத்தை வென்று புகழின் உச்சியில் நின்றது. சில ஆண்டுகளுள் அதன் முன்னணி வீரர்கள் அயல்நாடுகளுக்குச் சிதறினர். அவர்கள் விட்டுச் சென்ற இடங்களை இளைஞர்களே நிரப்பவேண்டியதாயிற்று. அவ்வாறு இளமையிலேயே அக்கழகத்தின் முதற் குழுவில் இடம்பெற்றவர்களுள் ஸ்டான்கோவிச்சும் ஒருவர்.

பத்தொன்பது வயதிலே, 1998இற் பிரான்சு தேசத்தில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவர் யூகோசிலாவியாவுக்காக ஆடினார். ஜேர்மனியுடன் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலை கண்ட அக்குழு, அடுத்த சுற்றில் ஒல்லாந்திடம் தோற்று வெளியேறியது. அவ்வாண்டிலேயே அவர் உரோமாபுரியின் லாசியோ கழகத்திற் சேர்ந்தார். மறு ஆண்டு மார்ச் மாதம், கொசோவோ நெருக்கடியின் விளைவாக, நேட்டோ நாடுகள் யூகோசிலாவியாமீது குண்டுவீசத் தொடங்கின. எழுபத்தெட்டு நாட்கள் அத்தாக்குதல் நீடித்தது. அவ்விமானங்களுட் பல இத்தாலிய மண்ணிலிருந்தே புறப்பட்டன. தாம் பிறந்த நகரைத் தாக்க விமானங்கள் எழுந்த அதே நாட்டில், அவ்வீரர் ஊதியம் பெற்று ஆடிக்கொண்டிருந்தார். தாக்குதல் ஓயுமுன்னரே, மே மாதத்தில், லாசியோ ஐரோப்பியக் கிண்ணமொன்றை வென்றது. அடுத்த ஆண்டில் இத்தாலியின் முதன்மைப் பட்டத்தையும் பெற்றது. வெற்றியும் வேதனையும் ஒருங்கே வந்த காலம் அது.

2003 பெப்ரவரியில் யூகோசிலாவியா என்னும் பெயர் தேசப்படத்திலிருந்து மறைந்தது. நாடு 'சேர்பியாவும் மொன்டினீக்ரோவும்' எனப் பெயர் பெற்றது. 2004இல் மிலான் நகரின் இன்டர் கழகத்துக்கு மாறிய ஸ்டான்கோவிச், புதுப் பெயர் கொண்ட தேசியக் குழுவிலும் ஆடினார். 2006ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றிலே, பத்து ஆட்டங்களில் ஒரேயொரு கோலை மட்டுமே அக்குழு விட்டுக்கொடுத்தது. ஆனால், மே மாதம் 21ஆந் தேதி மொன்டினீக்ரோவில் நடந்த பொதுவாக்கெடுப்பிலே, வாக்களித்தோருள் நூற்றுக்கு 55.5 வீதத்தினர் பிரிவினையை ஆதரித்தனர். யூன் 3ஆந் தேதி சுதந்திரம் பிரகடனமாயிற்று. எட்டு நாட்களின் பின், ஜேர்மனியில் அக்குழு முதலாவது ஆட்டத்துக்கென மைதானத்தில் இறங்கியது. அப்போது ஒலித்த தேசிய கீதம் மறைந்துபோன அரசின் கீதம். அணிந்த சட்டை மறைந்துபோன அரசின் சட்டை. மூன்று ஆட்டங்களிலும் அக்குழு தோல்வியுற்றது. ஆர்ஜென்டீனாவிடம் ஆறு கோல்களால் வீழ்ந்தது. தகுதிச் சுற்றில் அரணென நின்ற குழு, தனக்குப் பின்னால் ஒரு நாடு இல்லாத வேளையிலே தளர்ந்து நின்றது.

2010இல் இன்டர் கழகம் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகக் கிண்ணத்தை வென்றபோது ஸ்டான்கோவிச் அதிற் பங்குகொண்டார். அடுத்த மாதமே தென்னாபிரிக்காவில் சேர்பியக் குழுவின் தலைவராகத் தோன்றினார். அது சேர்பியா தனி நாடாக ஆடிய முதலாவது உலகக் கிண்ணம். சேர்பியா ஜேர்மனியை ஒன்றுக்குச் சைபர் என வென்றபோதும், கானாவிடமும் அவுஸ்திரேலியாவிடமும் தோற்று முதற் சுற்றுடன் திரும்பியது. மூன்று வெவ்வேறு தேசியப் பெயர்களில் உலகக் கிண்ணத்தில் ஆடிய பெருமை அவருக்கே உரியதாயிற்று.

2013 ஒக்டோபர் 11ஆந் தேதி நோவி சாட் நகரில் யப்பானுக்கு எதிரான ஆட்டத்துடன் அவர் தேசியக் குழுவிலிருந்து விடைபெற்றார். அன்று நிறைவெய்திய கணக்கு 103 ஆட்டங்கள், 15 கோல்கள். பின்னர் பயிற்றுநராகச் செந்தாரகைக் கழகத்துக்கே திரும்பிய அவர், 2020 முதல் 2022 வரை அதற்கு மூன்று நாட்டுப் பட்டங்களை ஈட்டிக்கொடுத்தார்.

அந்த 103 ஆட்டங்களும் மூன்று நாட்டுப் பெயர்களிடையே பங்கிடப்பட்டவை. ஆயினும், சேர்பியரின் பதிவேட்டில் அவை ஒரே தொகையாகவே நிற்கின்றன. சட்டம் ஓர் அரசை ஒரே நாளிற் கலைத்துவிடலாம். அவ்வரசின் பெயரால் உழைத்த மனிதனின் உழைப்பு அவ்வாறு கலைவதில்லை. அது அவன் பிறந்த ஊரின் நினைவிலே சேர்ந்துவிடுகின்றது. அரசுகளின் வரலாற்றோடு மனிதரின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டுவது இதன் பொருட்டேயாம்.