சென்னை-13இலிருந்து ஒரு கேள்வி

சினிமாப் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பக்கத்தை நம்மில் யாரும் சரித்திர ஆவணமாகக் கருதுவதில்லை. படத்தைப் பற்றி எழுதுகிறோம். படத்துக்குப் பின்னாலுள்ள அரசியலைப் பற்றி அதைவிட அதிகமாக எழுதுகிறோம். ராயபுரத்திலிருந்து ஒரு துறைமுகத் தொழிலாளி தபால் கார்டில் எழுதிக் கேட்டது நம் ஆராய்ச்சியில் வராது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் கேட்டவனின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கிறது. தமிழ்ப் படம் பார்த்த லட்சக்கணக்கானவர்களில் பெயரோடு எஞ்சியிருப்பவர்கள் ஏறக்குறைய இவர்கள் மட்டுமே. பெயருக்குப் பக்கத்தில் சென்னை-13 என்றிருந்தால் அது ராயபுரம். 21 என்றால் வண்ணாரப்பேட்டை, 19 திருவொற்றியூர்.

கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. பிடித்த வேஷம் எது, யாரோடு நடிக்க ஆசை என்று ஒப்புக்குத் தொடங்கி, எப்போது கல்யாணம், கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பீர்களா, வீட்டில் சமைப்பதுண்டா, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வந்து நிற்கும். கதாநாயகனிடம் சமையலைப் பற்றி விசாரிப்பது அபூர்வம். பதில்களும் மாறுவதில்லை. காலம் வரும்போது நடக்கும். அம்மா பார்த்துச் சொல்பவரை. கல்யாணமானால் குடும்பந்தான் முதலில். பதிலை எழுதியது நடிகையா, பத்திரிகையின் உதவி ஆசிரியரா என்று தோண்டிக்கொண்டிருப்பது வீண். யார் எழுதினாலும் அந்தப் பதிலை எழுதியாக வேண்டியிருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. வம்பு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் வம்புக்கும் ஒரு வம்சாவளி உண்டு.

1891இல் தோன்றிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். பெண் வேஷத்தையும் அவர்களே போட்டார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட்டுக்குச் சிறுவர்கள் இருந்தார்கள். கும்பகோணம் பாலாமணியின் நாடகங்களுக்குத் தனி ரயில் விட்டார்கள் என்று சொல்லும்போது எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் மேடை ஏறிய பெண்ணுக்குக் குடும்பம் இருக்க முடியாது, குடும்பம் இருந்தால் அவள் மேடை ஏறியிருக்க மாட்டாள் என்பது பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட சூத்திரம். பேசும் படம் வந்தபோது இந்தச் சூத்திரமும் கூடவே வந்தது.

1931 அக்டோபர் 31 அன்று ஜார்ஜ் டவுன் கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. ராயபுரத்துக்காரனுக்கு அது நடந்து போகும் தூரம். (படத்தைத் தயாரித்தவர் பம்பாயின் அர்தேஷிர் இரானி. ராயபுரத்தில் 1910இலிருந்து ஒரு பார்சி அக்கினிக் கோயில் இருக்கிறது. தமிழ் நாடகத்துக்குப் பார்சி நாடகக் கம்பெனிகள் கொடுத்ததைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி. பால்ய விவாகம் செய்யப்பட்டு, அந்தப் பந்தம் அறுந்து, பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பிறகு உடன் நடித்த டி.வி. சுந்தரத்தை மணந்தார். 1936இல் தன் நாவலைத் தானே 'மிஸ் கமலா' என்ற படமாக எழுதி, தயாரித்து, இயக்கினார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர். மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு நடிப்பீர்களா என்ற கேள்வி பழகுவதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிட்ட வாழ்க்கை இது. இந்தப் பதிலைத் தமிழ் சினிமா முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964இல் அவர் இறந்தார்.

முன்மாதிரிகள் வேறு இடத்திலிருந்து கிடைத்தன. கே.பி. சுந்தராம்பாள் 1933இல் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றார். 1935இல் 'நந்தனா'ரில் ஆண் வேஷமே போட்டார். அதற்கு வாங்கிய லட்ச ரூபாய் பெரும் பேச்சாயிற்று. கணவனோடு சேர்ந்து வாழ்ந்த காலம் சொற்பம். விதவையாக வாழ்ந்ததோ நாற்பத்தேழு ஆண்டுகள். மேலவை உறுப்பினர் பதவி உட்படக் கிடைத்த கௌரவம் முழுவதும் அந்த வெள்ளைப் புடவைக்குத் தலைவணங்கியதுதான். எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 1940இல் சதாசிவத்தை மணந்தார், 1945இல் 'மீரா', அதற்குப் பின் புதுப்படம் எதிலும் நடிக்கவில்லை. இந்த இரண்டு பெண்களின் இசையைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டதற்கு இசை மட்டும் காரணமென்று நம்புபவர்கள் நம்பட்டும்.

கேள்விக்கு நடிகை பதில் சொல்லும் பக்கம் பரவலாவதற்கு முன், நடிகையைக் கேட்காமலே பதிலை அச்சடித்த ஒரு காலம் உண்டு. லக்ஷ்மிகாந்தன் 'சினிமா தூ'தும் பிறகு 'இந்துநேச'னும் நடத்திய 1940களின் முற்பாதி அது. நடிகர்-நடிகைகளின் படுக்கையறையை விற்ற பத்திரிகைகள். வாங்கியவர்கள் ஏராளம், வாங்கியதை ஒப்புக்கொண்டவர்கள் இல்லை. 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லக்ஷ்மிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். பாகவதரின் வீழ்ச்சியைப் பற்றி உருக்கமாக எழுதியவர்கள் எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள். அந்தப் பத்திரிகைகளில் பெயர் அடிபட்ட பெண்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு. மானநஷ்ட வழக்குப் போடுவதற்கு முதலில் மானம் இருந்ததாக ஊர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமே.

கொலைக்கு மூன்று வாரம் முன்புதான் 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. பாகவதர் சிறையிலிருக்க, பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. துறைமுகத்து ஷிப்டு முடிந்தவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த அந்தப் படத்தில் தாசி ரம்பாவாக வந்தவர் டி.ஆர். ராஜகுமாரி. குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று திரையில் பெயரெடுத்தவர், திரைக்கு வெளியே ஒரு பெரிய குடும்பத்தைத் தன் சம்பாத்தியத்தில் நிறுத்தினார். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து படங்கள் தயாரித்தார். தியாகராய நகரில் தன் பெயரிலேயே சினிமாக் கொட்டகை கட்டினார். மணம் செய்துகொள்ளவில்லை. 1960களின் தொடக்கத்தில் நடிப்பை விட்டு, 1999இல் இறக்கும்வரை ஒதுங்கியே இருந்தார். அவரிடம் குடும்ப வாழ்க்கை எப்படி என்று கேட்டிருந்தால், எந்தக் குடும்பத்தைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்க நியாயமுண்டு. அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பெண் சம்பாதித்துக் காப்பாற்றுவதற்குத் தமிழில் குடும்பம் என்று பெயர் கிடையாது போலும்.

1947இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பாகவதர் வழக்கு முடிந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டையும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. ஆனால் அதற்குப் பிந்திய சினிமாப் பத்திரிகையைப் புரட்டினால் தொனி மாறியிருப்பது தெரிகிறது. 'பேசும் படம்' 1942இலிருந்தே வந்துகொண்டிருந்தது. பி.ஆர்.எஸ். கோபாலுக்குக் 'குண்டூசி' என்பதே பெயராகிவிட்டது. 1966இல் நாகிரெட்டியாரின் 'பொம்மை'. இவை அந்தரங்கத்தை விற்கவில்லை. அந்தரங்கத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, பூஜையறையில் நிறுத்திப் படம் எடுத்தன. நடிகை கோலம் போடுகிறார், நடிகை அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார், நடிகை குழந்தைக்குச் சோறூட்டுகிறார். கேள்வி-பதில் பக்கம் ஒருவகை உடன்படிக்கை. நீ என்னிடம் நேராகக் கேள், நான் உனக்குத் தகுந்த பதிலைச் சொல்கிறேன், வேறெங்கும் போய் விசாரிக்காதே. மஞ்சள் பத்திரிகையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. கேள்வி மட்டும் அதேதான்.

உண்மையில் வாழப்பட்ட பதில்கள் இந்தப் பக்கத்துக்குள் அடங்கவில்லை. பானுமதி 1943இல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணராவை மணந்து படத்தை விட்டு விலகினார். 'ஸ்வர்க்கசீமா'வுக்காகத் திரும்பி வந்தார். மகன் பெயரில் பரணி என்று படக் கம்பெனியும் ஸ்டுடியோவும் ஏற்படுத்தினார். 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கினார். சௌகார் ஜானகி கைக்குழந்தையோடுதான் சினிமாவுக்கே வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நடிப்பீர்களா என்று அவரைக் கேட்க வழியே இல்லை. பத்மினி 1961இல் மணந்து அமெரிக்கா போனார். இதுதான் ரசிகன் எதிர்பார்த்த முடிவு. அவரும் பிறகு திரும்பி வந்து நடித்தார்.

சாவித்திரியின் விஷயம் வேறு. 1952இல் ஜெமினி கணேசனோடு நடந்த திருமணம் சில காலம் மறைத்தே வைக்கப்பட்டிருந்தது. லக்ஸ் சோப்பு விளம்பரத்துக்காகச் சாவித்திரி கணேஷ் என்று கையெழுத்துப் போட்டதில்தான் அது வெளிப்பட்டது என்று சொல்வார்கள். கேள்வி-பதில் பக்கத்தில் சொல்ல முடியாததைச் சோப்பு விளம்பரத்தில் கை தானாக எழுதிவிட்டது என்றால், அந்தப் பக்கம் எவ்வளவு இறுக்கமாக மூடப்பட்டிருந்தது என்று யோசிக்கலாம்.

இனி ராயபுரத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை ஏற்பட்டதே இதனால்தான். காசிமேட்டுக் கரையில் கட்டுமரம் வந்து சேர்ந்ததும் ஏலத்தில் நின்று மீனை எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பிராட்வே வரைக்கும் நடந்தவள் பெண். கல்யாணத்துக்கு முன்னும் நடந்தாள், பின்னும் நடந்தாள், பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளும் நடந்தாள். சித்தாள் வேலை, இட்லிக்கடை, வண்ணாரப்பேட்டைச் சலவை எல்லாம் அப்படித்தான். அவளிடம் யாரும் கல்யாணத்துக்குப் பிறகும் மீன் விற்பாயா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூடையோடு திரும்பி அவள் சொல்லியிருக்கக்கூடிய பதில் எந்தப் பத்திரிகையிலும் அச்சாகாது. அப்படியிருக்க, அவள் மகன் ஏன் பத்திரிகைக்குக் கார்டு போட்டு ஒரு நடிகையிடம் இதைக் கேட்கிறான்?

நடுத்தர வர்க்க ஒழுக்கத்தைச் சினிமா அவன் தலையில் கட்டியது என்பது தயாராக இருக்கும் விளக்கம். எனக்கு அது போதவில்லை. 1940களின் இறுதியிலிருந்து வடசென்னையின் வேலை மாறுகிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட் 1948இல். திருவொற்றியூரில் என்பீல்டு 1955இல். பிறகு எண்ணூர் அனல் மின் நிலையம். துறைமுகமும் பி அண்டு சி மில்லும் முன்னரே இருந்தன. நிரந்தர வேலை, சம்பளச் சீட்டு, போனஸ், பிராவிடண்ட் பண்டு. இவை ஆண்களின் வேலைகள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு ஷிப்டிலிருந்து விலக்கியது. பாதுகாப்பு என்ற பெயரில் ஆலைக் கதவு பாதி சாத்திக்கொண்டது. லேலண்டில் பெர்மனெண்ட் ஆனவன் முதலில் செய்ய நினைத்த காரியம், வீட்டுப் பெண்ணைக் கூடை தூக்க விடாமல் நிறுத்துவது. அம்மா பட்டதை மனைவி படக்கூடாது என்ற அன்பும் அதில் இருந்தது; என் பெண்டாட்டி வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளும் அந்தஸ்தும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியாது. நடிகையிடம் அவன் கேட்டது தன் வீட்டு விஷயம். சம்பாதிக்கிற பெண் சம்பாதிப்பதை நிறுத்தினால்தான் குடும்பம் குடும்பமாகும் என்று அவன் அப்போதுதான் நம்பத் தொடங்கியிருந்தான். இத்தனை பணமும் புகழும் உள்ளவளே நிறுத்தத் தயார் என்று அவள் வாயால் கேட்பதில் அவனுக்கு ஓர் ஆறுதல்.

அதே பக்கத்தில் பெண்களும் எழுதினார்கள். கேள்வியின் சொற்கள் ஒன்றேதான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பீர்களா என்று பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண் கேட்கும்போது, நிறுத்தாமலிருக்க வழி உண்டா என்று அவள் துப்பு விசாரிப்பதாகவே எனக்குப் படுகிறது. எங்கள் பகுதி சலூனில் இந்தப் பக்கத்தை உரக்கப் படிப்பார்கள், ஆண்கள் சிரிப்பார்கள். பாட்டுப் புத்தகத்துக்குள் அதே பக்கத்தைக் கிழித்து வைத்திருந்த பெண்கள் சிரித்ததாக ஞாபகமில்லை. 1967இல் திறந்து 2020இல் மூடப்பட்ட தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்கு மதியக் காட்சிக்கு வந்த கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள்.

பதில் சொல்பவளே கேள்வி கேட்பவளான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1968இல் பொம்மைக்காக ஜெயலலிதா எம்.ஜி.ஆரைப் பேட்டி கண்டார். அப்போது அவர் தமிழில் நடிக்க வந்து மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. பத்தாண்டு கழித்துக் குமுதத்தில் தன் வாழ்க்கையைத் தானே எழுதத் தொடங்கினார். கேள்வி-பதில் பக்கத்தின் வழக்கமான பதில்களைத் தாண்டி ஒரு நடிகை தமிழில் தன்னைப் பற்றிச் சொல்ல முற்பட்ட அபூர்வமான தருணம் அது. தொடர் பாதியில் நின்றுபோயிற்று. இலக்கிய நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்; சரித்திர நஷ்டம்.

2015 ஜூனில் அவர் ராயபுரத்தை ஒட்டிய ராதாகிருஷ்ணன் நகர் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்றார். முதலமைச்சராக, மணமாகாதவராக, அம்மாவாக. ஒன்றரை லட்சம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசம். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வெயிலில் வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர், மீன் கூடையையோ வீட்டு வேலையையோ அரை நாள் விட்டுவிட்டு வந்தவர்கள்.