கெலிண்டான் சீட்டில் கற்ற தொழில்

எங்கள் தலைமுறைக்கு லோரிப் பள்ளிக்கூடம் என்றால் கெலிண்டான் சீட்டுதான், அதாவது டிரைவருக்குத் துணையாகப் போகும் உதவியாளின் இருக்கை. கித்தானை இழுத்துக் கட்ட வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், டிரைவர் அண்ணன் கண்ணயராமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். கியர் மாறும் சத்தம் காதுக்குப் பழகிய பிறகுதான் ஸ்டியரிங் கைக்கு வரும்.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை தீவுக்கும் அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெரிதான். 1920களிலிருந்தே அது வண்டி ஏற்றியது. அதற்கும் முன்னே மாட்டு வண்டிக் காலம். தீவில் பர்மா சாலை வழியாக ஊருக்குத் தண்ணீர் வந்ததே மாட்டு வண்டியில்தான். ஃபெரி வரிசையில் காத்து நிற்கையில் பாதித் தொழில் படித்துவிடலாம்: பாரம் எந்தப் பக்கம் சாயும், இடுக்கில் எப்படி அங்குலம் அங்குலமாக நுழைப்பது. 1969இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்கு மெல்ல அக்கரைக்குப் போனது, நாங்களும் பின்னாலேயே போனோம்.

தொழிலின் விதிகளும் மாறின. 1958ஆம் ஆண்டின் பழைய சாலைச் சட்டம் போய் 1987இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. இப்போது கனரக வண்டிக்கு ‘ஈ’ வகை உரிமம் எடுத்தாலும் சரக்கு வண்டி ஓட்ட ஜிடிஎல் என்னும் சரக்கு ஓட்டுநர் உரிமம் தனியாக வேண்டும். வயது 21, வகுப்பு, மருத்துவப் பரிசோதனை. தம்பிமார் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும், சட்டத்தில் நன்மையும் உண்டு. அந்த நாளில் தவுக்கே, அதாவது முதலாளி, ஏற்றச் சொன்ன அதிகப் பாரத்தை மறுத்தால் மறுநாள் வேலை கிடையாது. இன்றைய பையன் சட்டத்தைக் காட்டி மறுக்கலாம். எத்தனை பேர் மறுக்கிறார்கள் என்பது வேறு கதை.